சினைப்பன்றிகள் கம்பியைக் கடிக்கின்றன, ஒன்றையொன்று கடிக்கின்றன. தீவனம்தான் காரணமா?

ராசிபுரம் பண்ணை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். ராசிபுரம் பக்கம் சின்னதாக வெண்பன்றிப் பண்ணை வைத்திருக்கிறோம். பன்னிரண்டு தாய்ப்பன்றிகள், எல்லாமே லார்ஜ் ஒயிட் யார்க்ஷயர். குட்டி விற்றுத்தான் குடும்பம் ஓடுகிறது.

முன்பெல்லாம் சினைப்பன்றிக்கு வயிறு முட்டப் போடுவோம். பன்றிகள் கொழுத்து, குட்டி போட்டதும் தீனி எடுக்காமல் படுத்துக்கொண்டன. அதனால் அடர்தீவனத்தை ஒரு பன்றிக்கு நாளைக்கு 2 கிலோ என்று அளந்து போடச் சொன்னார்கள். அப்படியே செய்கிறோம். உடம்பு இப்போது சரியான அளவில் இருக்கிறது.

ஆனால் குணம் மாறிவிட்டது. காலை எட்டு மணிக்குத் தொட்டியில் கொட்டினால் பத்து நிமிடத்தில் காலி. அப்புறம் நாள் முழுக்கக் கம்பியைக் கடிப்பது, வெறும் வாயை மென்று நுரை தள்ளுவது, காலித் தொட்டியை முட்டுவது. தொட்டிப் பக்கம் சண்டை. முந்தி நிற்கும் பன்றியின் பிறப்புறுப்பைப் பின்னால் நிற்கும் பன்றி கடித்து ரணமாக்குகிறது. முதல் ஈற்றுப் பன்றி ஒன்று தன் குட்டிகளில் இரண்டைக் கடித்தே கொன்றுவிட்டது. மிச்சக் குட்டிகளும் பால் பிரித்த பிறகு மற்றக் குட்டிகளோடு ஓயாமல் மல்லுக்கு நிற்கின்றன.

"அதன் ரத்தத்திலேயே கோபம் இருக்கிறது, விற்றுவிடு" என்கிறார் மாமனார். எனக்கு என்னவோ தீவனத்தில்தான் சந்தேகம். சினையில் போடும் தீனி தாயின் குணத்தை மாற்றுமா? குட்டியின் குணத்தையும் மாற்றுமா? பக்கத்தில் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் இருப்பதால், மரவள்ளியில் மாவு எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையான திப்பி மலிவாகக் கிடைக்கிறது. அதைச் சேர்க்கலாமா?

கோவை ஹாக்ஸ்

ஹோட்டல் மிச்சம் எடுங்கள் அக்கா. எங்கள் பண்ணையில் அதுதான். வயிறு நிறைந்தால் படுத்துத் தூங்கும், சண்டையே இல்லை. 2 கிலோ தீனி என்பதெல்லாம் ஒரு வேளைக்கே போதாது.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

அம்மா, மாமனாரிடம் அவசரப்பட்டு விற்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தப் பன்றிகளுக்குப் பசி. நீங்கள் போடும் 2 கிலோவில் அவற்றுக்குத் தேவையான சத்து இருக்கிறது. வயிற்றுக்குத் தேவையான பருமன் இல்லை. இரண்டும் வேறு வேறு என்பதைக் கொட்டகை கொட்டகையாகச் சொல்லியே என் வேலைக்காலம் முடிந்தது. இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சினைப்பன்றியை அதன் இஷ்டத்துக்குத் தின்னவிட்டால் 5 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். நாம் பாதிக்கும் குறைவாகத்தான் கொடுக்கிறோம். கொழுப்பு ஏறாமல் இருக்க அந்தக் கட்டுப்பாடு வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. சினையில் கொழுத்த பன்றிக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாது, பசியைக் குறைக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் கூடும், பால் கொடுக்கும் காலத்தில் தீனி எடுக்காது. உங்கள் பழைய பன்றிகளுக்கு நடந்தது அதுதான். ஆனால் கட்டுப்பாட்டின் மறுபக்கத்தை யாரும் விவசாயிக்குச் சொல்வதில்லை. கம்பி கடிப்பதும் வெறும் வாய் மெல்வதும் கட்டிப்போட்ட பன்றிக்குச் சலிப்பால் வருகிறது என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். 1987ல் ஆப்பிள்பி, லாரன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள், கட்டியிருந்தாலும் தீவனத்தைக் கூட்டினால் அந்தச் செயல் வெகுவாகக் குறைவதைக் காட்டினார்கள். முதல் காரணம் பசிதான்.

உள்ளே நடப்பது இது. மக்காச்சோளமும் புண்ணாக்கும் அரைத்த தீவனம் சீக்கிரம் செரிக்கும். ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறும், இன்சுலின் ஏறும், சில மணி நேரத்தில் இரண்டும் இறங்கிவிடும். இறங்கிய பிறகு அடுத்த நாள் காலை வரை அந்தப் பன்றி தேடிக்கொண்டே இருக்கும். மண் கிடைத்தால் மண்ணைக் கிளறும். சிமெண்ட் தரையில் எதைக் கிளறும்? கம்பியையும் பக்கத்துப் பன்றியையும்தான்.

நொதிக்கக்கூடிய நார்ச்சத்து இருந்தால் கதை மாறும். அது சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும். அங்கே நுண்ணுயிர்கள் அதை நொதிக்க வைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்று சிறு சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றும். நெருப்பில் சருகு போடுவதற்கும் அடிமரம் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி, இந்தச் சக்தி மணிக்கணக்கில் மெல்ல மெல்ல ரத்தத்துக்கு வரும். நெதர்லாந்தின் வாகெனிங்கன் பல்கலைக்கழகத்தில் சுகர்பீட் கிழங்கில் சர்க்கரை எடுத்த சக்கையை வைத்து இதைப் பார்த்தார்கள். சர்க்கரையும் இன்சுலினும் நிலையாக இருந்தன, சாப்பிட்டுப் பல மணி நேரம் கழித்தும் பன்றிகளின் பரபரப்பு குறைவாக இருந்தது. இளம்பன்றியைவிடத் தாய்ப்பன்றியின் பெருங்குடல் இந்த வேலையை நன்றாகச் செய்யும். அதனால் நார்த்தீவனத்துக்கு மிகப் பொருத்தமானது சினைப்பன்றிதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இது சட்டமாகவே இருக்கிறது. சினைப்பன்றிக்குப் பசி அடங்கவும் மெல்லும் தேவை தீரவும், பருமனான அல்லது நார் மிகுந்த தீனி போதுமான அளவு கொடுத்தாக வேண்டும். நம் ஊரில் சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. தோட்டத்து ஓரத்தில் வேலிமசால் மாதிரிப் பசுந்தீவனம் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

குட்டியின் குணம் பற்றிக் கேட்டீர்கள். மிக நல்ல கேள்வி. பிரேசிலின் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தார் 2016ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சினையில் நார் மிகுந்த தீனி தின்ற தாய்களின் குட்டிகள், பால் பிரிப்பதற்கு முன்பு மற்றக் குட்டிகளைவிடக் குறைவாகவே சண்டை போட்டன. குட்டிகள் அந்தத் தீவனத்தைத் தொட்டதுகூட இல்லை, தாய் தின்றதுதான். தாய்க்கு அழுத்தம் கூடினால் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் கூடும். அதில் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி செயலிழக்க வைத்துவிடும். ஆனாலும் ஒரு பங்கு கருவுக்குப் போகும். குட்டியின் மூளையும் அட்ரினல் சுரப்பியும் உருவாகும் காலம் அது. இதனால்தான் சினைக்காலத் தீனியை நான் குட்டிக்கும் சேர்த்த தீனி என்று சொல்வேன்.

மாமனார் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. குட்டி கடிக்கும் பழக்கம் பரம்பரையாகவும் வரும். அந்தப் பன்றி இரண்டாவது ஈற்றிலும் கடித்தால் கழித்துவிடுங்கள், அதன் பெண்குட்டிகளைத் தாய்க்கு வைக்காதீர்கள். முதல் ஈற்றில் மட்டும் கடிப்பது பெரும்பாலும் பயத்தால். அடுத்த முறை ஒவ்வொரு குட்டியாகத் துடைத்துப் பெட்டியில் சூடாக வைத்திருந்து, ஈன்று முடித்துத் தாய் அடங்கியதும் மடியில் விடுங்கள். சீம்பால் தவறக்கூடாது. ரொம்பத் தாமதமானால் கறந்து புகட்டுங்கள்.

கோவைத் தம்பிக்கு ஒன்று. ஹோட்டல் மிச்சம் வயிற்றை நிறைக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதில் எண்ணெயும் சோறும்தான் அதிகம். சினைப்பன்றி கொழுக்கும். உப்பு கூடுதலாக இருந்து தண்ணீரும் குறைந்தால் உப்பு நஞ்சாகி வலிப்பு வரும். 2020ல் அஸ்ஸாமிலும் அருணாசலிலும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்த பிறகு, கொதிக்க வைக்காத மிச்சத்தைப் பண்ணைக்குள் கொண்டுவருவது பெரிய ஆபத்து. தடுப்பூசி இருக்கும் என்று நம்பி இறங்காதீர்கள்.

கோவை ஹாக்ஸ்

கொதிக்க வைத்துத்தான் போடுகிறோம் டாக்டர். உப்பு விஷயம் யோசிக்கவில்லை, பார்க்கிறேன்.

நாமக்கல் தீவனக் கலவை

தங்கச்சி திப்பி பற்றிக் கேட்டிருக்கிறார். நான் பல வருடங்களாகத் தீவனம் கலக்கிறேன், திப்பி எனக்கு நன்றாகத் தெரியும். மலிவு என்பதற்காக 2 கிலோ தீவனத்தில் பாதியை எடுத்துவிட்டுத் திப்பி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கணக்குப் பாருங்கள். 14 சதவீதப் புரதம் உள்ள கலவை 2 கிலோ என்றால் நாளைக்கு 280 கிராம் புரதம். ஒரு கிலோவைக் குறைத்து ஒரு கிலோ காய்ந்த திப்பி போட்டால்? கலவையிலிருந்து 140 கிராம், திப்பியிலிருந்து கிடைப்பது 20, 30 கிராம். மொத்தம் 170ஐத் தாண்டாது. வயிறு நிறைந்திருக்கும், பன்றி அமைதியாகவும் படுத்திருக்கும். உள்ளே குட்டிக்குச் சத்து இருக்காது.

திப்பி கெட்ட பொருள் இல்லை. மரவள்ளி நாரும், ஆலையில் பிரியாமல் தங்கிய மாவும் அதில் இருக்கிறது. டாக்டர் சொன்ன மெல்ல எரியும் சமாச்சாரம் அதில் உண்டு. ஆனால் அதைக் கலவையின் இடத்தில் வைக்காதீர்கள், கலவையோடு கூடுதலாக வையுங்கள். நான் சொல்வது: கலவை 1.75 கிலோ, காய்ந்த திப்பி அரை கிலோ, பசுந்தீவனம் 2 கிலோ. கலவையில் குறையும் கால் கிலோவின் புரதத்தைப் பசுந்தீவனம் ஈடுகட்டும். ஒரே நாளில் மாற்றாமல் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். முக்கியமாக, ஈரத் திப்பியை மூட்டையில் கட்டி வைக்காதீர்கள். இரண்டு நாளில் புளித்துப் பூசணம் பிடிக்கும். களத்தில் பரப்பி நொறுங்கும் வரை காயவைத்துத்தான் எடுக்க வேண்டும்.

தவிடு வாங்கும்போதும் கையில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். உமி கலந்த தவிடு நிறைய ஓடுகிறது. உமியும் நார்தானே என்று விற்பவர் சொல்வார். அது நொதிக்காது, குடலை உராய்ந்துகொண்டு அப்படியே வெளியே போய்விடும்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

நாமக்கல் நண்பர் சொன்ன புரதக் கணக்கை எல்லோரும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஜெர்மனியின் டும்மர்ஸ்டார்ஃபில் உள்ள பண்ணை விலங்கு ஆய்வு நிறுவனத்தில் முதல் சினைப் பன்றிகளுக்குச் சினை முழுவதும் மூன்று விதமாகப் புரதம் கொடுத்துப் பார்த்தார்கள்: 6.5 சதவீதம், 12.1 சதவீதம், 30 சதவீதம். குறைவாகக் கொடுத்தாலும் குட்டியின் பிறப்பு எடை குறைந்தது, மிக அதிகமாகக் கொடுத்தாலும் குறைந்தது. புரதம் குறைந்த கூட்டத்தில் தாயின் கார்டிசால் உயர்ந்தது. ஆக, பசியை அடக்கப் போய்ப் புரதத்தைக் குறைத்தால், எந்த அழுத்தத்தைத் தவிர்க்க நினைத்தோமோ அதையே வேறு வழியாக உள்ளே விடுகிறோம்.

பசுந்தீவனத்தில் வேலிமசாலும் குதிரைமசாலும் நல்லது. புரதமும் வரும், நாரும் வரும். சவுண்டல் தழை மட்டும் சினைப்பன்றிக்கு வேண்டாம். ஆட்டுக்குப் போடுகிறோமே என்று இதற்கும் போடுகிறார்கள். அதில் உள்ள மிமோசின் தைராய்டைப் பாதிக்கும், முடி கொட்டும், குட்டிகளின் எண்ணிக்கையும் குறையும்.

ராசிபுரம் பண்ணை

டாக்டர் ஐயா, அண்ணா, இருவருக்கும் ரொம்ப நன்றி. வேலிமசால் வரப்பில் இருக்கிறது, ஆட்டுக்கு மட்டும்தான் அறுத்துக்கொண்டிருந்தோம்.

இன்னொரு சந்தேகம். போன ஈற்றில் பிறந்த பெண்குட்டிகள் சிலவற்றுக்குப் பிறந்தபோதே பிறப்புறுப்பு வீங்கிச் சிவந்து இருந்தது. சினைக்கு வராத இளம்பன்றி ஒன்றும் பருவத்துக்கு வந்த மாதிரியே இருக்கிறது, கிடாவிடம் விட்டால் நிற்கவில்லை. இதற்கும் தீவனத்துக்கும் சம்பந்தம் உண்டா? மழைக்காலத்தில் கடையில் வாங்கிய மக்காச்சோளம் கொஞ்சம் பூசண வாடை அடித்தது. வெயிலில் காயவைத்துப் போட்டுவிட்டோம்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

அந்த மக்காச்சோளத்தை இன்றே நிறுத்துங்கள் அம்மா. மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் சியரலினோன் என்ற பூசண நஞ்சுக்கு அப்படியே பொருந்துகின்றன. ஃபியூசேரியம் என்ற பூஞ்சை மக்காச்சோளத்தில் வளரும்போது இதை உண்டாக்கும். இதன் வடிவம் ஈஸ்ட்ரோஜனை ஒத்திருப்பதால், உடம்பு இதை ஈஸ்ட்ரோஜன் என்றே எடுத்துக்கொள்ளும். பண்ணை விலங்குகளில் பன்றிக்குத்தான் இது மிக அதிகமாகப் பாதிக்கும். இளம்பன்றியில் பிறப்புறுப்பு வீங்கும், பொய்ப்பருவம் தெரியும். பெரிய பன்றி சினை பிடிக்காமலேயே சினை பிடித்த மாதிரி பருவத்துக்கு வராமல் இருந்துவிடும். தாய் தின்றால் கருவழியாகவும் பால்வழியாகவும் பெண்குட்டிக்கும் போகும்.

வெயிலில் காயவைத்தால் ஈரம் போகும், பூஞ்சை வளர்வது நிற்கும். ஏற்கெனவே உண்டான நஞ்சு போகாது, சமையல் சூட்டுக்கும் அது தாங்கும். மீதி மூட்டையைக் கோழிக்கோ மாட்டுக்கோ திருப்பிவிடவும் வேண்டாம், வேறு பூசண நஞ்சும் சேர்ந்தே இருக்கலாம். ஒரு கிலோ மாதிரியைப் பல மூட்டைகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, காகிதப் பையில் போட்டு, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய் எங்கே சோதிக்கலாம் என்று கேளுங்கள். பக்கத்து மருத்துவர் அந்த இளம்பன்றியையும் ஒருமுறை பார்க்கட்டும். தீவனத்தை மாற்றிய சில வாரங்களில் வீக்கம் பெரும்பாலும் வடிந்துவிடும்.

தொட்டியம் விவசாயி

நானும் சினைப்பன்றி வைத்திருக்கிறேன் டாக்டர். ஈனும் சமயத்தில் தீனியை முழுக்க நிறுத்தச் சொல்கிறார்கள், காலி வயிற்றோடு ஈன்றால்தான் சுலபம் என்று. அது சரியா? இன்னொன்று, முந்தின நாள் எங்கள் பன்றி தரையைக் காலால் பறித்துக்கொண்டே இருக்கிறது. அதுவும் பசியா?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

இல்லை, அது பசி இல்லை. சினையைக் காக்கும் புரோஜெஸ்டிரோன் இறங்கி, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஏறும்போது வருவது, கூடு கட்டும் வேலை. ஈனுவதற்கு முன் ஒரு நாளில் தொடங்கும். காட்டுப்பன்றி புல்லும் குச்சியும் சேர்த்துச் செய்வதை உங்கள் வெண்பன்றி சிமெண்ட் தரையில் செய்யப் பார்க்கிறது. தடுக்காதீர்கள். காய்ந்த வைக்கோலோ கடலைக்கொடியோ ஒரு கட்டுக் கொடுங்கள். பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில், கூடு கட்ட நிறையப் பொருள் கிடைத்த பன்றிகளுக்கு ஈனுவதற்கு முன் ஆக்சிடோசின் கூடுதலாக இருந்ததைப் பார்த்தார்கள். குட்டியை வெளியே தள்ளுவதும் பால் இறக்குவதும் அந்த ஆக்சிடோசின்தான். குட்டியிடம் தாய் அடங்கி நடப்பதற்கும் அது வேண்டும். ராசிபுரத்து அம்மாவின் முதல் ஈற்றுப் பன்றிக்கும் இதைச் செய்து பாருங்கள்.

காலி வயிறு என்பது தவறான யோசனை. பத்துப் பன்னிரண்டு குட்டிகளை ஈனுவது மணிக்கணக்கான உடல் உழைப்பு, அதற்குச் சர்க்கரை வேண்டும். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வில், கடைசியாகத் தின்று சுமார் மூன்று மணி நேரத்துக்குள் ஈனத் தொடங்கிய பன்றிகள் நாலு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டன. இடைவெளி கூடக்கூட ஈனும் நேரம் நீண்டது, மனிதர் கைகொடுக்க வேண்டி வந்தது, செத்துப் பிறக்கும் குட்டியும் கூடியது. அதனால் கடைசி இரண்டு மூன்று நாட்கள் தீனியை மூன்று வேளையாகப் பிரித்துப் போடுங்கள். அதிலும் நார் இருக்கட்டும். மலச்சிக்கல் வந்த பன்றிக்கு ஈனுவதும் கஷ்டம், அப்புறம் காய்ச்சலும் மடிவீக்கமும் சேர்ந்து வரும். நார் கூட்டினால் தண்ணீர் எந்நேரமும் தொட்டியில் இருக்க வேண்டும். தண்ணீர் இல்லாத நார் சிக்கலைத்தான் கூட்டும்.

ராசிபுரத்து அம்மாவுக்கு மிச்சம் இருக்கும் சில விஷயங்கள். கலவையைக் காலையில் ஒரே வேளையாகப் போடுங்கள், திப்பியையும் தழையையும் மதியத்துக்கு மேல் போடுங்கள். மெல்லும் வேலை நாள் முழுக்க இருக்கட்டும். தழையை ஒரே இடத்தில் குவிக்காமல் கொட்டகை முழுக்கப் பரப்புங்கள். தொட்டியில் தோள் அளவுக்குத் தடுப்பு வைத்து, எல்லாப் பன்றியும் ஒரே நேரத்தில் தின்ன இடம் கொடுங்கள். இடம் இல்லாமல் பின்னால் நிற்பதுதான் முன்னால் நிற்பதைக் கடிக்கும். சேர்க்கை முடிந்து முதல் நான்கு வாரம் புதுப் பன்றியைக் கூட்டத்தில் விடாதீர்கள், கரு ஒட்டும் சமயத்தில் சண்டை வந்தால் சினை நிற்காது. அந்த முதல் வாரங்களில் முதல் சினைப் பன்றிக்குக் கலவையை அள்ளிப் போடவும் வேண்டாம். தீனி கூடினால் கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் கூடும், சினையைக் காக்கும் புரோஜெஸ்டிரோனை அது வேகமாகக் கழித்துவிடும். 114 நாளில் கடைசி மூன்று வாரம்தான் குட்டி வேகமாக வளரும். அப்போது கலவையை 3 கிலோ வரை ஏற்றலாம், உடம்பைத் தடவிப் பார்த்து முடிவு செய்யுங்கள். நன்றாக அழுத்தினால் முதுகெலும்பு கையில் தட்ட வேண்டும், கண்ணுக்குத் தெரியக்கூடாது.

ராசிபுரம் பண்ணை

ஐயா, மக்காச்சோள மூட்டையைத் தனியே ஒதுக்கி வைத்துவிட்டோம். திங்கட்கிழமை மாதிரி எடுத்துக்கொண்டு நாமக்கல் போகிறார் வீட்டுக்காரர். நேற்றிலிருந்து மதியம் வேலிமசால் அறுத்துப் பரப்புகிறேன். மாமனார் பார்த்துவிட்டு, தழை போட்டால் சண்டை நிற்குமா என்று கேட்டார். ஒரு மாதம் பார்ப்போம், அதுவரை யாரையும் விற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சரி என்றார். தொட்டித் தடுப்புக்கு இரும்புக் குழாய் போடலாமா, இல்லை பலகையே போதுமா அண்ணா?

நாமக்கல் தீவனக் கலவை

பலகை வேண்டாம் தங்கச்சி, ஒரு வாரத்தில் மென்று தள்ளிவிடும். ஒன்றரை அங்குல ஜிஐ குழாயை வளைத்துத் தரையில் கான்கிரீட் போட்டுப் புதையுங்கள். ஒரு பன்றிக்கு ஒன்றரை அடி இடம் விடுங்கள், கடைசி மாத வயிற்றுக்கு அதற்கும் கொஞ்சம் கூடவே வேண்டும்.